தரம் 6க்குப் போனா பசிக்காதா? – பள்ளிக்கூடச் சாப்பாடு பத்தி ஒரு கேள்வி

மேல்டிவிசன்_அம்மா | 2025, ஞாயிறு, இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். இங்க வாசிக்கிறதோட சரி, இதுவரைக்கும் எழுதினது இல்ல. இலங்கையில பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டம். ரெண்டு புள்ளைங்க. சின்னவன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல தரம் 3. பெரியவ இந்த வருஷம் தரம் 6. எங்க பள்ளிக்கூடம் 5 வரைக்கும்தான், அதனால அவ டவுன் ஸ்கூலுக்குப் போறா.

சின்னவன் விஷயத்துல எனக்குக் கவலையே இல்ல. ஒரு தேத்தண்ணியக் குடிச்சிட்டு தட்ட பேக்ல போட்டுக்கிட்டு ஓடுவான். 8 மணிக்கெல்லாம் அங்க சோறு. பருப்பு, கீரை, வாரத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோ முட்டை. போன வருஷம் வரைக்கும் பெரியவளும் அப்படித்தான் சாப்பிட்டா.

இப்ப அவ 6 மணிக்கு லயத்த (தோட்டத்து வரிசை வீட்ட) விட்டு இறங்கணும். ரெண்டு மைல் நடந்தாத்தான் பஸ். நான் நாலரைக்கு எந்திரிச்சு ரொட்டி தட்டி, சம்பல் அரைச்சு, பெட்டியில வச்சுக் குடுத்துட்டு பெரட்டுக்கு (காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற எடத்துக்கு) போறேன். இன்டவல்ல ஒரு ரொட்டி, பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிக்கிறப்ப ஒரு ரொட்டி. வீட்டுக்கு வர 3 மணி தாண்டும். இந்தக் குளிருக்கு ரொட்டி பத்து மணிக்கே தோல் மாதிரி ஆயிடுது. ஒரு மாசமா பெட்டி அப்படியே திரும்பி வருது. கேட்டா "வயிறு சரியில்லம்மா"ங்கிறா. பக்கத்து லயத்துப் புள்ளகிட்ட விசாரிச்சேன். கூட இருக்கிறதுக சோறு, நூடுல்ஸ்னு கொண்டு வருதுகளாம், இவ பெட்டியத் தொறக்கவே வெக்கப்படுறாளாம்.

கன்டீன்ல வாங்கிக்கன்னு காசு குடுக்கலாம்னா ஒரு ரோல்ஸ் 100, தேத்தண்ணி 40. ஒரு நாளைக்கு 140, மாசம் 20 நாளைக்கு 2,800. என் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், 1,350. அதுவும் கொழுந்து கிலோ நெறஞ்சாத்தான், இல்லாட்டி அரைப் பேர்தான். ரெண்டு நாள் நான் மலையில நின்னது ரோல்ஸுக்கே போயிடும். அஸ்வெசும (அரசாங்கம் குடுக்கிற நிவாரணக் காசு) எங்களுக்கு இல்ல. வருஷத் தொடக்கத்துல கொப்பி (நோட்டு) வாங்க 6,000 ரூபா குடுத்தாங்களே, அது சின்னவனுக்குக் கெடச்சது. 300 புள்ளைக்குக் கொறஞ்ச பள்ளிக்கூடம்னு. பெரியவளுக்கு இல்ல, அவ ஸ்கூல் பெருசு.

தரம் 6க்கு மேல சாப்பாட்டுக்கு ஏதாவது உதவி இருக்கா? யாருக்கிட்ட கேக்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாக்பீஸ் | ஞாயிறு, இரவு 9.25

அக்கா, நான் வலப்பனைப் பக்கம் ஆரம்பப் பிரிவு ஆசிரியர். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கச் சாப்பாடு தரம் 1 முதல் 5 வரைக்கும்தான். முன்பு தெரிவு செய்த பாடசாலைகளுக்கு மட்டும் இருந்தது. 2024 மார்ச் 25லிருந்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் எல்லாருக்கும் என்று ஆக்கினார்கள். 9,134 பாடசாலைகள், ஏறக்குறைய 16 லட்சம் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு 85 ரூபாவாக இருந்ததை 110 ஆக்கியதும் அப்போதுதான். தரம் 6 என்று பெயர் மாறியதும் அந்த வரிசையிலிருந்து பிள்ளை விழுந்துவிடுகிறது.

ஆனால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கடிதம் எழுத வேண்டாம், சும்மா போய்ச் சொன்னால் போதும். பெரிய பாடசாலைகளில் பழைய மாணவர் சங்கம், கோயில், கடைக்காரர்கள் என்று யாராவது சில பிள்ளைகளுக்குச் சத்தமில்லாமல் கொடுப்பது உண்டு. அது சட்டத்தில் இருப்பதல்ல, ஆளைப் பொறுத்தது. பஸ்ஸுக்கு சீசன் டிக்கெட் எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். அந்த மிச்சமே ஒரு முட்டைக்கு வரும்.

அஸ்வெசுமவுக்குத் திரும்ப விண்ணப்பிக்க பிரதேச செயலகத்தில் நலன்புரிப் பிரிவில் கேளுங்கள். கிராம சேவகர் "பார்ப்போம்" என்று சொன்னால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

மேல்டிவிசன்_அம்மா | ஞாயிறு, இரவு 9.41

நன்றி சேர். சீசன் இருக்கு. ஆனா சிடிபி (அரசாங்க) பஸ் வராத நாள்ல தனியார் பஸ், அதுல காசு.

கணக்குப்புள்ள | ஞாயிறு, இரவு 10.10

கோவிச்சுக்காதீங்க. எல்லாத்துக்கும் அரசாங்கம் வாயில ஊட்டணுமா? நாங்களும் ரொட்டி தின்னுதான் வளர்ந்தோம். மரவள்ளிக் கிழங்கு கொண்டு போய்த்தான் ஓலெவல் பாஸ் பண்ணினோம். புள்ளைக்கு வெக்கம்னா வெக்கத்துக்கு மருந்து பாருங்க, ரோல்ஸுக்குக் காசு தேடாதீங்க. இன்னிக்கு 6ம் ஆண்டு, நாளைக்கு ஏ.எல். (தரம் 13) வரைக்கும் சோறு கேப்பீங்க.

லீக்ஸ்_தோட்டம் | ஞாயிறு, இரவு 10.18

ஏ.எல். வரைக்கும் கேட்டா என்ன தப்பு? ஏ.எல். படிக்கிறவனுக்கு வயிறு கெடையாதா?

மிட்வைஃப்_அக்கா | திங்கள், காலை 5.30

கணக்குப்புள்ள அண்ணே, நீங்க கிழங்கு சாப்பிட்டுப் பாஸ் பண்ணினது சந்தோஷம். உங்ககூட கிழங்கு சாப்பிட்டுப் பாஸ் பண்ணாம போனவங்க இங்க எழுத வரமாட்டாங்க.

நான் பதுளை மாவட்டத்துல குடும்ப நல உத்தியோகத்தர். தோட்டங்கள்ல புள்ளைங்கள நிறுத்துப் பாக்கிறதும் உயரம் அளக்கிறதும்தான் என் வேலை. 2016 கணக்கெடுப்புல அஞ்சு வயசுக்குக் கொறஞ்ச புள்ளைங்கள்ல வயசுக்கு ஏத்த உயரம் இல்லாதது நாடு முழுக்க 100க்கு 17. தோட்டத்துல 32. நுவரெலியா மாவட்டத்த மட்டும் எடுத்தாலும் 32. அன்னிக்கு அளந்த அந்தப் புள்ளைங்கதான் இன்னிக்குத் தரம் 6லயும் 8லயும் 9லயும் உக்காந்திருக்கு.

பொம்பளப் புள்ளைங்களுக்கு இன்னொரு விஷயம் இருக்கு. 11, 12 வயசுலதான் பெரியமனுசியாகுறாங்க. உடம்புல ரத்தம் கொறையிற வயசு. பள்ளிக்கூடத்துல வாரம் ஒரு இரும்புச்சத்துக் குளிசை குடுக்கிற காலத்துல போய்ப் பாருங்க. காலையில ஒண்ணும் சாப்பிடாம வர்ற புள்ள அதப் போட்டா குமட்டும். அடுத்த வாரம் நாக்குக்கு அடியில வச்சு வெளிய போய்த் துப்பிடும். நானே ஜன்னலுக்குக் கீழ பொறுக்கியிருக்கேன், நாலு குளிசை. மருந்துக்குக் காசு இருக்கு, அத உள்ள இறக்கப் பிடி சோறு இல்ல.

அந்த அம்மாவுக்கு: ரொட்டியத் திட்டாதீங்க, ஆனா அவ ஒரு மாசமா ஒண்ணுமே சாப்பிடாம இருந்தா மயங்கி விழுவா. இந்த வாரமே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பாத்துடுங்க.

பழைய_லயம் | திங்கள், காலை 9.05

நான் ஓய்வு பெற்றவன், அறுபது தாண்டியாச்சு. இப்போது கண்டியில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த இழையை வாசித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

73, 74 பஞ்சம் என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் கதை. எனக்கு அப்போது எட்டு வயது. கூப்பன் அரிசி குறைந்தது, மா இல்லை, தோட்டத்தில் வேலை நாளும் குறைந்தது. லயத்தில் சாவு விழாத மாதம் இல்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் அப்போது ஒரே ஒரு அறை, ஒரே ஒரு வாத்தியார். நாட்டுக்கே 1945ல் இலவசக் கல்வி வந்தது என்று புத்தகத்தில் படித்தோம். எங்கள் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் ஏற்றுக்கொண்டு முடிக்க அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டுதான் எங்கள் ஆட்களின் படிப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

டவுன் ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் பணிஸ் (பன்) கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு நானும் என் சிநேகிதனும் ஒரு நாள் நடந்தே போனோம். கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். பெரிய பிரம்புக் கூடை, மேலே வெள்ளைத் துணி. துணியைத் தூக்கியதும் வந்த வாசம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வாட்சர் விரட்டினார். திரும்பி வரும் வழியில் காட்டுக் கொய்யா பறித்துத் தின்றோம்.

பிறகு 1989ல் ஜனாதிபதி பிரேமதாச காலத்தில் மதிய உணவுத் திட்டம் வந்தது. அப்போது நான் ஆசிரியன். சில வருடத்தில் அதுவும் போனது. அரசாங்கம் மாறினால் சட்டியும் மாறும். பணிஸ், பிஸ்கட், கஞ்சி, சோறு என்று எத்தனையோ வந்து போனதைப் பார்த்துவிட்டேன். இப்போது இருப்பது தரம் 1 முதல் 5 வரை ஒரு பிள்ளையையும் விடாமல் கொடுக்கிறது. குறை ஆயிரம் இருக்கலாம், ஆனால் கேட்டுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை. அதை நான் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன்.

வைப்பாறு | திங்கள், பகல் 12.30

தமிழ்நாட்டுல இருந்து எழுதுறேன். இங்க 1956லயே காமராஜர் மதிய உணவு கொண்டு வந்தாரு. 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு ஆக்குனாரு, 84ல பத்தாம் வகுப்பு வரைக்கும் நீட்டுனாங்க. 2022 செப்டம்பர்ல மதுரையில காலை உணவும் ஆரம்பிச்சாச்சு. உங்க அரசாங்கம் ஏன் இத அப்படியே எடுத்துச் செய்யக் கூடாது?

லீக்ஸ்_தோட்டம் | திங்கள், பகல் 12.52

அண்ணே, அங்க சோறு இல்லன்னுதான் எங்க பாட்டன் பூட்டன் கப்பல் ஏறி இங்க வந்தாங்க. இப்ப நீங்க சோறு போடுறீங்க, நாங்க வரிசையில நிக்கிறோம். காலம்!

சாக்பீஸ் | திங்கள், மாலை 3.40

வைப்பாறு அண்ணன் சொன்னதில் முக்கியமானது பத்தாம் வகுப்பு வரை என்பது. அதோடு அங்கே சத்துணவு அமைப்பாளர், சமையலர் என்று அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே சமைப்பவர் ஒரு சப்ளையர். 110 ரூபாவுக்குள் அரிசி, கறி, விறகு, ஏற்றுக்கூலி, அவருடைய கூலி எல்லாம் அடங்க வேண்டும்.

ஏழுமணி_அடுப்பு | திங்கள், இரவு 7.15

இப்ப என் முறை. நானும் இன்னொரு அம்மாவும்தான் எங்க பள்ளிக்கூடத்துக்குச் சமைக்கிறோம். ரெண்டு பேர் புள்ளையும் அங்கதான் படிக்குது. மஸ்கெலியாப் பக்கம். 58 புள்ளைங்க. 58ஐ 110ஆல பெருக்கினா 6,380. கேக்க நல்லா இருக்கும். இப்ப முட்டை நாள் கணக்கப் பாருங்க.

அரிசி நாலரைக் கிலோ, 1,035. பருப்பு ஒன்றரைக் கிலோ, 435. முட்டை 58, ஒண்ணு 34 படி 1,972. தேங்காய் மூணு, 600. கீரை, கரட், போஞ்சி 700. எண்ணெய், வெங்காயம், தூள், உப்பு 450. விறகு 300. டவுன்ல இருந்து சாமான் ஏத்த திரீவீல் 500. மொத்தம் 5,992. மிச்சம் 388. ரெண்டு பேருக்கு ஆளுக்கு 194 ரூபா. நாலு மணிக்கு எந்திரிச்சு, அண்டா தேய்ச்சுட்டு வீட்டுக்கு வர பத்தரை.

நெத்தலி நாள்ல கொஞ்சம் கையில நிக்கும், அத வச்சு முட்டை நாள ஓட்டுறோம். சில எடத்துல முட்டைய ரெண்டா வெட்டிப் போடுறாங்கன்னு திட்டுறாங்க. நானும் திட்டுவேன். ஆனா வெட்டினவ கணக்கையும் ஒரு தடவை பாத்துட்டுத் திட்டுங்க.

இன்னொண்ணு. இந்த மலையில விளையிற கரட்டும் கோவாவும் லீக்ஸும் எங்க தலைக்கு மேலதான் லொறியில போகுது. வெலை மட்டும் கெப்பட்டிப்பொல, தம்புள்ளை மொத்தச் சந்தையில முடிவாகுது. அங்க ஏறினா எங்க சட்டியில கரட் காணாமப் போயிடும்.

அதவிடக் கஷ்டம் காசு வர்ற நேரம். எங்க பக்கம் ரெண்டு மாசம் பிந்தியிருக்கு. அதுவரைக்கும் கடைக்காரர்தான் எங்க அரசாங்கம். கொப்பியில எழுதி எழுதி ஒரு கட்டத்துல "அக்கா, பழசக் கட்டிட்டு வாங்க"ன்னாரு. அன்னிக்கு என் காதுத் தோட்ட அடகு வச்சேன். காதுல இப்ப வேப்பங்குச்சி. புள்ளைங்க கேட்டா ஃபேஷன்னு சொல்லியிருக்கேன்.

கணக்குப்புள்ள | திங்கள், இரவு 7.50

அப்ப ஏன் அந்த வேலைய செய்றீங்க? விட்டுட்டுப் போகலாமே?

ஏழுமணி_அடுப்பு | திங்கள், இரவு 8.02

விட்டா அடுத்து எடுக்க ஆள் இல்ல. ஆள் இல்லன்னா 58 தட்டு காலி. அதுல ஒரு தட்டு என் மவனோடது. போதுமா?

குளக்கட்டு | திங்கள், இரவு 9.30

நான் கிளிநொச்சி. எங்கட பக்கமும் உந்தக் கதைதான். முந்தி அமெரிக்க உதவியில மஞ்சள் பருப்பும் டின் சமன் மீனும் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. அந்தப் பருப்பு இருக்கே, எவ்வளவு அவிச்சாலும் அவியாது. முதல் நாளே ஊறப்போட வேணும் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. பிள்ளையள் முகத்தைச் சுழிச்சதுகள். பேந்து ஒரு அம்மா அதை அரைச்சு வடை சுட்டவ. அண்டைக்கு ஒண்டும் மிஞ்சேல்ல.

சமைக்கிற சனத்திட்டக் கேக்காமத் திட்டம் போட்டா உப்பிடித்தான்.

டேட்டா_பொடியன் | செவ்வாய், காலை 11.20

நான் ஒரு விஷயம் சொல்றேன், யோசிச்சுப் பாருங்க. இந்த சப்ளையர், கடன், கணக்குக் கொப்பி எல்லாம் தேவையா? அந்த 110 ரூபாவ அப்படியே அம்மா கணக்குல போட்டா என்ன? தரம் 1லிருந்து 11 வரைக்கும் புள்ளைக்கு மாசம் 2,200. அவங்களுக்குத் தெரியும் தன் புள்ளைக்கு என்ன புடிக்கும்னு. அஸ்வெசும ஏற்கனவே பேங்குக்குத்தான் போகுது. 2025 ஜனவரியில வறியவங்களுக்கு 10,000ம், மிக வறியவங்களுக்கு 17,500ம் ஆக்கினாங்க. அதோட சேர்த்துப் போட்டா சுலபம்.

லீக்ஸ்_தோட்டம் | செவ்வாய், காலை 11.45

பேங்குல விழுந்த காசு வீட்டுக்கு வர்ற வழியில எத்தன கடை இருக்குன்னு எண்ணிப் பாத்தீங்களா தம்பி? நான் எந்தக் கடையச் சொல்றேன்னு புரியும்.

டேட்டா_பொடியன் | செவ்வாய், காலை 11.58

இது பழைய வசை அண்ணே. தோட்டத்து ஆள்னா உடனே தண்ணி. கொழும்புல சம்பளம் வாங்கிக் குடிக்கிறவனுக்குக் காசுக்குப் பதிலா சோத்துப் பார்சலா குடுக்கிறாங்க? எங்க அம்மா கைக்குக் காசு வந்தப்ப ஒரு சதம் வீணாகினது இல்ல.

மேல்டிவிசன்_அம்மா | செவ்வாய், இரவு 8.20

ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. என் வீட்டுக்காரர் குடிக்கிறவர் இல்ல. இருந்தாலும் தம்பி சொல்றதுல எனக்கு ஒரு பயம். 2,200 என் கைக்கு வந்தா நான் அத ரோல்ஸுக்கோ முட்டைக்கோ எடுத்து வைக்க மாட்டேன். கடைக்கொப்பிக்குப் போகும். இல்லன்னா மாமியார் மருந்துக்கு. இல்லன்னா கரண்ட் பில்லுக்கு. அது தப்புன்னு சொல்லல, எல்லாமே தேவைதான். ஆனா சின்னவன் தட்டுல விழற சோத்த யாரும் எடுத்துக் கடனுக்குக் கட்ட முடியாது. நானே நெனச்சாலும் முடியாது.

அதுவுமில்லாம அந்த லிஸ்ட். எங்க வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவங்க டிவி இருக்கா, கரண்ட் இருக்கா, ரெண்டு பேருக்கும் வேலை இருக்கான்னு கேட்டாங்க. எல்லாம் இருக்குன்னு உண்மையச் சொன்னேன். டிவி ஓடாதுன்னு சொல்ல மறந்துட்டேன். என்ன காரணம்னு யாரும் சொல்லல, பேர் மட்டும் வரல. சோத்துக்கு லிஸ்ட் இல்ல பாருங்க, தரம் 3ன்னா தட்டு நீட்டலாம்.

பழைய_லயம் | செவ்வாய், இரவு 8.45

இந்த அம்மா நான் மூன்று பந்தியில் சொன்னதை மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 9.10

எந்தக் கட்சி, எந்தத் தலைவர் என்று போன நாலு பதிவுகளை எடுத்துவிட்டேன். சம்பளப் பேச்சுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே சாப்பாட்டைப் பேசுங்கள்.

பார்சல்_கட்டுறவன் | புதன், இரவு 11.35

கடை மூடிட்டு இப்பதான் வாசிச்சேன். நான் லிந்துலைப் பக்கம், இப்ப கொழும்புல ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை. ஒரு நாளைக்கு இருநூறு சோத்துப் பார்சல் கட்டுறேன். சிரிப்பு வருதா? எனக்கும் வரும்.

தரம் 6லயிருந்து நானும் டவுன் ஸ்கூல்தான். இன்டவல் மணி அடிச்சதும் கிரவுண்டச் சுத்தி நடக்க ஆரம்பிச்சிடுவேன். வேகமா நடந்தா யாரும் "சாப்பிடலையா"ன்னு கேக்க மாட்டாங்க, ஏதோ வேலையாப் போறான்னு நெனப்பாங்க. மூணு சுத்து முடியுறப்ப மணி அடிக்கும். பி.டி. சேர் ஒரு நாள் கூப்பிட்டு, நல்லா நடக்கிற, மரதன்ல பேர் குடுக்கிறியான்னு கேட்டாரு.

ஒரு வருஷம் யாரோ வெளியில இருந்து மதியச் சாப்பாடு குடுக்க வந்தாங்க. நல்ல மனசுதான். வகுப்புல வந்து "வீட்டுல கஷ்டப்பட்ட புள்ளைங்க எந்திரிங்க"ன்னாங்க. எனக்குத் தெரிஞ்சு பன்னிரண்டு பேர் எந்திரிக்கணும். ரெண்டு பேர்தான் எந்திரிச்சோம். மத்தவங்க எல்லாம் தலையக் குனிஞ்சு புத்தகத்தப் பாத்தாங்க. நானும் ரெண்டாவது நாள்ல இருந்து எந்திரிக்கல. தோட்டப் பள்ளிக்கூடத்துல தட்டு நீட்டுறப்ப இந்த வெக்கம் எங்க இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாத்தேன். அங்க எல்லார் கையிலயும் தட்டு இருந்துச்சு.

உங்க மகள நான் குத்தம் சொல்ல மாட்டேன் அக்கா.

கணக்குப்புள்ள | வியாழன், காலை 6.40

சரி, நான் கொஞ்சம் துடுக்காப் பேசிட்டேன். ஆனா ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லல. 5 வரைக்கும் குடுக்கவே 2025 பட்ஜெட்ல 3,200 கோடி ரூபா ஒதுக்கியிருக்காங்க. 11 வரைக்கும்னா ரெண்டு மடங்குக்கு மேல போகும். எங்க இருந்து வரும்?

சாக்பீஸ் | வியாழன், காலை 7.05

நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒரே நாளில் 11 வரை என்று ஏன் நினைக்க வேண்டும்? தோட்டத்தில் நிறையப் பாடசாலைகள் 5 வரைதான். பிள்ளை எந்த வருடம் அடுத்த பாடசாலைக்கு நடக்கத் தொடங்குகிறதோ அதே வருடம் சாப்பாடு நிற்கிறது. பஸ் காசு கூடுகிறது, நேரம் கூடுகிறது, வீட்டைவிட்டு இருக்கும் மணி கூடுகிறது, தட்டு மட்டும் இல்லை. தரம் 6, 7 இரண்டு வருடத்துக்காவது, தூரத்திலிருந்து வரும் பிள்ளைகள் கூடுதலாக உள்ள பாடசாலைகளில் முழுப் பாடசாலைக்கும் கொடுத்துப் பார்க்கலாம். பிள்ளையைத் தெரிவு செய்யாமல் பாடசாலையைத் தெரிவு செய்ய வேண்டும். 2024க்கு முன் ஆரம்பப் பிரிவுக்கே அப்படித்தான் இருந்தது, புதிய யோசனை ஒன்றும் அல்ல.

இடைவிலகல் எங்கே நடக்கிறது என்று என்னிடம் கேட்டால், என் வகுப்பிலிருந்து போன பிள்ளைகளில் நான் பிறகு டவுனில் கடைகளில் பார்ப்பது பெரும்பாலும் 8, 9ல் நின்றவர்களைத்தான். பசி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

ஏழுமணி_அடுப்பு | வியாழன், இரவு 7.30

குடுங்க, ஆனா சமைக்கிறவளுக்கு முன்பணம் குடுத்துட்டு மத்தத ஆரம்பிங்க. என் காதுல ரெண்டாவது தோடு இல்ல.

மேல்டிவிசன்_அம்மா | அடுத்த வாரம் சனி, இரவு 8.05

எல்லாருக்கும் பதில் சொல்லாம இருந்துட்டேன், மழையில டவர் இல்ல. நடந்ததச் சொல்றேன்.

மிட்வைஃப் அக்கா சொன்ன மாதிரி ரத்தம் பாத்தேன். கொறவுதான். குளிசை குடுத்திருக்காங்க, சாப்பிட்ட பொறகு போடச் சொன்னாங்க. வகுப்பு மிஸ்ஸப் போய்ப் பாத்தேன். அன்னிக்கு அரைப் பேர் போச்சு. மிஸ் நல்லவங்க. "எங்ககிட்ட ஒண்ணும் இல்லம்மா, நான் என் சாப்பாட்டுல குடுக்கிறேன்"னாங்க. வேணாம்னுட்டேன். ஒரு நாள்னா சரி, மிஸ் எத்தன நாளைக்குக் குடுப்பாங்க? அவளுக்கும் அது தெரிஞ்சா இன்னும் கூனிப் போவா.

எங்க டிவிசன்ல இருந்து டவுன் ஸ்கூலுக்கு அஞ்சு புள்ளைங்க போகுது. கீழ் லயத்துல ஒரு ஆயா, பிள்ளைக்காம்பராவுல (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துல) வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. அவங்களுக்குத் தூக்கம் வராது, மூணு மணிக்கே அடுப்புப் பத்த வைப்பாங்க. அஞ்சு அம்மாமாரும் பேசி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 ரூபா, விறகு நாங்க முறை வச்சுக் கொண்டு வர்றதுன்னு முடிவு பண்ணினோம். ஆயா அஞ்சு பெட்டியிலயும் ஒரே சோறு, ஒரே கறி வைப்பாங்க. அஞ்சும் சேந்து உக்காந்து தொறக்கும். முதல் நாள் பெட்டி கழுவின மாதிரி வந்துச்சு.

ரெண்டாவது வாரமே ஒருத்தி 70 குடுக்க முடியல, சம்பளத்துக்கு அப்புறம்னா. சரின்னுட்டோம். இது எத்தன மாசம் ஓடும்னு எனக்குத் தெரியாது. ஆயாவுக்கு முழங்கால் வலி வேற. உதவின்னு வந்து கேட்டேன், கடைசியில நாங்களே இன்னொரு சப்ளையர் ஆயிட்டோம்.

இப்ப ஒரு சின்னப் பிரச்சினை. சோத்தோட தேங்காய்ச் சம்பல் வச்சா பத்தரைக்குள்ள புளிச்ச வாசம் வருதாம். காலையில சுடச்சுட மூடுறதாலயா? கறி தினமும் வைக்க முடியாது. என்ன செய்யலாம்?

ஏழுமணி_அடுப்பு | சனி, இரவு 8.30

சோத்த ஆறவிட்டு மூடணும், அது முதல். சூட்டோட மூடினா தண்ணி கோத்து எல்லாம் கெட்டுடும். தேங்காயத் துருவி வெறும் சட்டியில சிவக்க வறுத்து, செத்தல் மிளகா, பூண்டு, கொஞ்சம் நெத்தலி போட்டு இடிங்க. வெங்காயமும் தேசிக்காயும் சேக்காதீங்க. ரெண்டு நாள் ஆனாலும் வாசம் வராது. தேங்காயும் கொறவாத்தான் புடிக்கும், ஒரு பாதியில அஞ்சு பெட்டிக்கும் வரும்.

பார்சல்_கட்டுறவன் | சனி, இரவு 11.50

சம்பலச் சோத்து மேல வைக்காதீங்க அக்கா. ஒரு துண்டு வாழையிலை கெடச்சா அதுல தனியா மடிச்சு ஓரத்துல வைங்க. எங்க கடையில தூரப் பார்சலுக்கு அப்படித்தான் கட்டுவோம்.

மேல்டிவிசன்_அம்மா | ஞாயிறு, காலை 5.10

இந்தக் குளிருல வாழை எங்க வரும் தம்பி. கோவா எலை இருக்கு, பாக்கிறேன். ஆயாகிட்ட வறுத்த சம்பல் சொல்லியாச்சு. நாளைக்கு அதுதான்.